காக்பிட்டில் ஒரு டிவி டாங்கிள்: விமானிகள் தாங்களே கட்டும் ஏ.டி.எஸ்-பி ரிசீவர்

அமெரிக்காவில் செஸ்னா, பைப்பர் மாதிரியான சிறு விமானங்களை ஓட்டுபவர்கள் சிலரின் காக்பிட்டில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு ராஸ்பெரி பை கணினி, வானொலி அலையை வாங்கும் இரண்டு யு.எஸ்.பி டாங்கிள்கள், ஒரு ஜி.பி.எஸ், ஒரு சின்ன மின்விசிறி. வெளியே இரண்டு குட்டி ஆண்டெனாக்கள். மின்சாரம் பவர் பேங்கிலிருந்து வருகிறது. சுற்றிலும் எந்தெந்த விமானம் எந்த உயரத்தில் பறக்கிறது, போகிற வழியில் மழை எங்கே கொட்டுகிறது என்பதையெல்லாம் இந்தப் பெட்டி வைஃபை மூலம் விமானியின் ஐபேடுக்கு அனுப்பிவிடும். இதை இயக்கும் மென்பொருளின் பெயர் ஸ்ட்ராடக்ஸ். 2015-ல் வெளிவந்த திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில் கடையில் கிடைத்த இதே மாதிரிக் கருவிகளுக்குப் பல நூறு டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. உயர்ரகக் கருவி ஒன்றின் விலை 900 டாலரைத் தொட்டது. வீட்டில் கட்டினால் ராஸ்பெரி பைக்கு 35 டாலர், டாங்கிள் ஒன்றுக்கு 20 டாலர் சொச்சம், மற்றவை சில்லறை.

இதைப் பார்த்துவிட்டு "கெட்டிக்காரப் பொழுதுபோக்காளர்கள், பெரிய நிறுவனங்களை முந்திவிட்டார்கள்" என்று எழுதுவது சுலபம். கெட்டிக்காரத்தனம் இருக்கிறதுதான். ஆனால் இந்தப் பெட்டி இவ்வளவு மலிவாக இருப்பதற்குக் காரணம், இதன் செலவில் பெரும்பங்கை வேறு யாரோ, வேறு காரணத்துக்காக, ஏற்கெனவே செய்து முடித்திருந்ததுதான். பெட்டியோடு சேர்ந்து வராத ஒன்றும் உண்டு: திரையில் எதெல்லாம் தெரியாது என்கிற அறிவு. அது தெரியாமல் பறப்பவருக்கு 900 டாலர் கருவியும் ஆபத்து, 100 டாலர் கருவியும் ஆபத்து.

காற்றில் இலவசமாக வருவது

பழைய முறையில் விமானம் எங்கே இருக்கிறது என்பதைத் தரையிலுள்ள ரேடார் தேடிக் கண்டுபிடிக்கும். ஏ.டி.எஸ்-பி முறையில் விமானமே தன் ஜி.பி.எஸ் இருப்பிடம், உயரம், வேகம், அடையாள எண் ஆகியவற்றை நொடிக்கு ஒருமுறையாவது வானொலி அலையில் சொல்லிக்கொண்டே பறக்கும். கேட்க விரும்புகிறவர் கேட்டுக்கொள்ளலாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ இதற்கான விதியை 2010-ல் வெளியிட்டது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பகுதி, 10,000 அடிக்கு மேல் என்று கட்டுப்பாடுள்ள இடங்களில் பறக்க வேண்டுமானால் 2020 ஜனவரி 1 முதல் விமானத்தில் இந்த ஒலிபரப்பி இருந்தாக வேண்டும்.

கட்டாயம் ஒலிபரப்புக்கு மட்டும்தான். அதைக் கேட்கும் கருவி வைத்துக்கொள்வது விமானியின் விருப்பம். வீட்டுப் பெட்டிகள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

உலகம் முழுக்க இதற்குப் பயன்படும் அதிர்வெண் 1090 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கா மட்டும் 18,000 அடிக்குக் கீழே பறக்கும் விமானங்களுக்கு 978 மெகாஹெர்ட்ஸில் யு.ஏ.டி என்ற இரண்டாவது வழியையும் திறந்துவிட்டது. 1090-ல் ஏற்கெனவே ரேடார்களுக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர்களின் நெரிசல். 978-ல் இடம் தாராளமாக இருந்ததால், தரைநிலையங்கள் அதில் வானிலையையும் சேர்த்து அனுப்ப முடிந்தது. விமான நிலைய வானிலை அறிக்கைகள், முன்னறிவிப்புகள், ரேடார் மழைப்படம், மேல்காற்று, தற்காலிகமாக மூடப்பட்ட வான்பகுதிகள் எல்லாம் அதில் வருகின்றன. அதற்கு முன் பறந்துகொண்டே மழைப்படம் பார்க்க விரும்பியவர்கள் செயற்கைக்கோள் சேவைக்கு மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே சந்தாவும் இல்லை, பூட்டும் இல்லை.

இதற்கான தரைநிலைய வலைப்பின்னலைக் கட்ட 2007-ல் ஐ.டி.டி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. நாடு முழுக்க 600-க்கும் மேற்பட்ட நிலையங்கள் எழுந்தன. ஐபேடில் ஓடும் மழைப்படத்துக்குப் பின்னால் இருக்கும் உண்மையான செலவு அது. வரி கட்டியவர்கள் கொடுத்த பணம்.

டிவி பார்க்க விற்ற சில்லு

இந்த இலவச ஒலிபரப்பு ஒரு தற்செயல் என்றால் இரண்டாவது தற்செயல், ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்.டி.எல்2832யு என்ற சில்லு. ஐரோப்பாவில் ஆண்டெனா வழி டிஜிட்டல் டிவியை லேப்டாப்பில் பார்ப்பதற்கென்று விற்ற மலிவு டாங்கிள்களில் இருந்தது. அதே டாங்கிளில் எஃப்.எம் வானொலியும் கேட்கலாம் என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். அந்த எஃப்.எம் வேலையைச் சில்லு தானே செய்யாமல், வாங்கிய அலையை அப்படியே எண்களாக்கிக் கணினிக்குத் தள்ளிவிடும். மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பின்லாந்தைச் சேர்ந்த லினக்ஸ் நிரலாளர் ஆன்ட்டி பாலோசாரி 2012-ல் இதைக் கவனித்தார். அலையை எண்களாகத் தருகிறது என்றால் எஃப்.எம் மட்டும் எதற்கு? டாங்கிளில் உள்ள டியூனர் எட்டும் எந்த அதிர்வெண்ணையும் கேட்கலாமே. திறமூலத் தகவல்தொடர்பு மென்பொருள் எழுதும் ஆஸ்மோகாம் குழுவினர் அதற்கான மென்பொருளை எழுதி வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஆய்வகக் கருவிகளின் வேலையில் ஒரு பங்கை 20 டாலர் பொருள் செய்ய ஆரம்பித்தது.

1090 மெகாஹெர்ட்ஸைப் படிக்கும் டம்ப்1090 நிரலை எழுதியவர் சால்வடோரே சான்ஃபிலிப்போ. ரெடிஸ் தரவுத்தளத்தை உருவாக்கிய அதே இத்தாலியர்தான். 978-க்கும் பின்னால் ஒரு டம்ப்978 வந்தது. ஸ்ட்ராடக்ஸ் இந்த இரண்டையும் ராஸ்பெரி பைக்குள் ஒன்றுசேர்த்து, ஜி.பி.எஸ்ஸைக் கோர்த்து, வெளியே போகும் மொழியை ஒழுங்குபடுத்தியது.

வெளியே போகும் மொழிக்கும் ஒரு கதை உண்டு. பெட்டி சொல்வதை ஐபேட் செயலி எப்படிப் புரிந்துகொள்ளும்? இரண்டுக்கும் பொதுவாக ஒரு வடிவம் வேண்டும். 1990-களின் இறுதியில் அலாஸ்காவில் எஃப்.ஏ.ஏ 'கேப்ஸ்டோன்' என்றொரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. சாலைகளே இல்லாத ஊர்களுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் ஏ.டி.எஸ்-பி கருவிகள் பொருத்தப்பட்டன. அந்தக் கருவியின் பெயர் ஜி.டி.எல் 90. அதை உருவாக்கிய நிறுவனத்தைப் பின்னால் கார்மின் வாங்கியது. ஜி.டி.எல் 90 தன் திரையோடு எப்படிப் பேசும் என்பதை விவரிக்கும் ஆவணம் பொதுவெளியில் வந்துவிட்டது. கருவி பழசானது, அதன் பேச்சு மட்டும் பொதுமொழியாகி நின்றுவிட்டது. ஃபோர்ஃப்ளைட் உட்படப் பல செயலிகள் அதைப் புரிந்துகொள்கின்றன. ஸ்ட்ராடக்ஸ் பேசுவதும் அதே மொழிதான். தங்கள் நிறுவனக் கருவியோடு மட்டுமே பேசுவோம் என்று அடம்பிடித்த செயலிகளும் உண்டு. அங்கே வீட்டுப் பெட்டிக்கு வேலையில்லை.

ஒரு நொடிக்குள் நடப்பது

978-ல் ஒவ்வொரு நொடியின் முதல் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான நேரம் தரைநிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மிச்ச நேரம் விமானங்களுக்கு. தரைநிலையங்களின் பங்கு 32 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, அருகருகே உள்ள நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று பேசாதபடி பங்கிடப்படுகிறது. ஒரு துண்டில் ஒரு செய்தி; அது சுமந்துபோவது 432 பைட். ஏறக்குறைய மூன்று குறுஞ்செய்திகளின் அளவுதான்.

இவ்வளவு குறுகிய இடத்தில் ஒரு மாநிலத்தின் மழையை எப்படி அடைப்பது? இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். வரைபடத்தைச் சுமார் ஒரு கடல்மைல் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்துவிடுகிறார்கள். மழையின் வலு எட்டுப் படிநிலைகளில் ஒன்று. அதற்கு மூன்று பிட் போதும். எட்டு பிட் கொண்ட ஒரு பைட்டில் மிச்சம் ஐந்து பிட் இருக்கிறதே, அதில் "இதே வலு இன்னும் எத்தனை கட்டங்களுக்குத் தொடர்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். ஆக ஒரே பைட்டில் 32 கட்டங்கள் வரை சொல்லிவிடலாம். மழை இல்லாத வானம் ஏறக்குறைய ஒன்றுமே எடுத்துக்கொள்ளாது. எழுத்தில் வரும் வானிலை அறிக்கையிலும் இதே சிக்கனம்: ஓர் எழுத்துக்கு எட்டு பிட்டுக்குப் பதில் ஆறே பிட், மூன்று பைட்டில் நான்கு எழுத்து. வழியில் சில பைட்டுகள் சிதைந்தாலும் மீட்டெடுக்கும்படி ரீட்-சாலமன் பிழைதிருத்தமும் சேர்ந்தே வருகிறது. மலிவு டாங்கிள் இரைச்சலோடு வாங்கினாலும் படம் சுத்தமாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1090 பக்கம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. 112 பிட் கொண்ட செய்தி ஒன்று, முன்னுரையோடு சேர்த்து 120 மைக்ரோநொடியில் முடிந்துவிடும். இங்கே தவறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க 24 பிட் இருக்கிறது. தவறான செய்தி பெரும்பாலும் குப்பைக்குத்தான். பரவாயில்லை, அரை நொடியில் அடுத்தது வரும்.

திரையில் இல்லாத விமானம்

சரி, பெட்டி வேலை செய்கிறது. ஐபேடில் நான்கு விமானங்கள் தெரிகின்றன. அப்படியானால் அருகில் இருப்பவை நான்கு விமானங்கள்தானா?

இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இந்தப் பெட்டியை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டும். பெட்டி நேரடியாகக் கேட்பது, ஏ.டி.எஸ்-பி ஒலிபரப்பி உள்ள விமானங்களை மட்டும். பழைய டிரான்ஸ்பாண்டர் மட்டும் உள்ள விமானம் தன் இருப்பிடத்தைச் சொல்லாது. அப்படிப்பட்டவற்றைத் தரையிலுள்ள ரேடார் பார்த்து, அந்தத் தகவலைத் தரைநிலையங்கள் மறுஒலிபரப்பு செய்கின்றன. ஆனால் அந்த மறுஒலிபரப்பு எல்லாருக்கும் அல்ல. தன்னிடம் ஒலிபரப்பி வைத்திருந்து, "எனக்குக் கேட்கும் வசதியும் உண்டு" என்று அறிவிக்கும் விமானத்துக்காக, அதைச் சுற்றி 15 கடல்மைல் ஆரத்திலும், மேலும் கீழும் 3,500 அடிக்குள்ளும் இருப்பவற்றை மட்டும் அனுப்புவார்கள். விமானிகள் இந்த உருளை வடிவப் பகுதியை ஹாக்கி பக் என்கிறார்கள், ஐஸ் ஹாக்கியில் அடிக்கும் தட்டை வட்டு.

ஒலிபரப்பி இல்லாமல் வெறும் ரிசீவரோடு பறப்பவருக்கு என்ன ஆகும்? அவருக்கென்று யாரும் எதையும் அனுப்ப மாட்டார்கள். பக்கத்தில் யாராவது ஒலிபரப்பியோடு பறந்தால், அவருக்காக அனுப்பியதை இவரும் ஒட்டுக்கேட்கலாம். அது அந்த மனிதரைச் சுற்றியுள்ள போக்குவரத்து, இவரைச் சுற்றியுள்ளது அல்ல. ஐந்து நிமிடம் திரை நிறைய விமானங்கள் தெரியும், அப்புறம் அந்த மனிதர் திரும்பிப் போனதும் மறைந்துவிடும். விமானங்கள் என்னவோ அங்கேயேதான் இருக்கும். 2015, 2016 வாக்கில் வீட்டுப் பெட்டி கட்டிய பலர் இந்த நிலையில்தான் பறந்தார்கள். ஒலிபரப்பி வாங்கிப் பொருத்தப் பல ஆயிரம் டாலர் ஆகும் என்பதால் 2020 வரை தள்ளிப்போட்டவர்கள் ஏராளம். அவர்களை முன்கூட்டியே இழுக்க எஃப்.ஏ.ஏ 2016-ல் 500 டாலர் தள்ளுபடியெல்லாம் கொடுத்துப் பார்த்தது.

2020-க்குப் பிறகு நிலைமை நிறையத் தேறிவிட்டது. ஆனாலும் மின் அமைப்பே இல்லாமல் வடிவமைக்கப்பட்ட பழைய விமானங்கள், கிளைடர்கள், பலூன்கள் போன்றவற்றுக்கு விதியில் விலக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன ஓடுபாதை ஒன்றைச் சுற்றிப் பறக்கும் 1940-களின் பைப்பர் கப் எந்தப் பெட்டியிலும் தெரியாமல் போகலாம்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. ஒலிபரப்பி வைத்திருப்பவரின் சொந்த விமானமே திரையில் இன்னொரு விமானமாக வந்து நிற்கும், அதே உயரத்தில், தொட்டுக்கொள்ளும் தூரத்தில். ஸ்ட்ராடக்ஸின் அமைப்புப் பக்கத்தில் தன் விமானத்தின் ஆறு இலக்க அடையாளக் குறியீட்டைப் பதிந்து வைத்தால், பெட்டி அதைத் தானே வடிகட்டிவிடும். பதிய மறந்தால் முதல் பயணத்தில் இதயம் ஒரு தடவை நின்று ஓடும்.

மழைப்படத்தின் வயது

வானிலைப் பக்கம் ஏமாற்றுவது வேறு விதத்தில். திரையில் "1 நிமிடம் பழையது" என்று போட்டிருக்கும். விமானி அதை நம்பி இரண்டு மேகக்கூட்டங்களுக்கு நடுவில் உள்ள சந்தில் நுழையப் பார்ப்பார். அந்த 1 நிமிடம் எதிலிருந்து எண்ணப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம். ரேடார் ஒன்று வானத்தை முழுக்க வருட சில நிமிடங்கள் எடுக்கும். பல ரேடார்களின் படங்களைச் சேர்த்துத் தைத்து ஒரே படமாக்க இன்னும் கொஞ்ச நேரம். திரையில் காட்டும் வயது, தைத்து முடித்த நேரத்திலிருந்து எண்ணப்படுவது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: படத்திலுள்ள தகவல், காட்டப்படும் வயதைவிட 15 முதல் 20 நிமிடம் வரை கூடப் பழையதாக இருக்கக்கூடும். 2011 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலம் பிரையன் அருகே ஒரு பைப்பர் விமானம் மழைமேகத்தில் சிக்கி நடுவானில் உடைந்து, அதிலிருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். வாரியம் அந்த எச்சரிக்கையில் எடுத்துக்காட்டிய விபத்துகளில் அதுவும் ஒன்று. ஸ்ட்ராடக்ஸ் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. காக்பிட்டில் இருந்தது வீட்டுப் பெட்டி இல்லை. சிக்கல் பெட்டியில் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இடிமேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் நகர்ந்தால் 20 நிமிடத்தில் 20 கிலோமீட்டர். திரையில் தெரியும் சந்து அதற்குள் அடைபட்டிருக்கும். மழைப்படத்தைப் பார்த்துத் தூரத்திலேயே விலகிச் சுற்றிப் போகலாம், ஊடே நுழையக் கூடாது என்று பயிற்றுநர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கட்டும்போது வரும் பாடு

மின்னணு வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மென்பொருளை எஸ்.டி கார்டில் ஏற்றி, டாங்கிள்களைச் செருகினால் போதும். எந்த டாங்கிள் எந்த அதிர்வெண்ணுக்கு என்று பெட்டிக்குத் தெரிய, டாங்கிளின் நினைவகத்திலேயே ஒரு தொடர் எண் எழுதி வைப்பார்கள். மாற்றிச் செருகிவிடாமல் இருக்க டாங்கிள் மேல் வண்ண ஒட்டுத்தாளும் ஒட்டிவிடுவது வழக்கம். இரண்டு ஆண்டெனாக்களும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் நீளம் வேறு: கால் அலைநீளக் கணக்கில் 1090-க்கு ஏறக்குறைய 6.9 சென்டிமீட்டர், 978-க்கு 7.7 சென்டிமீட்டர்.

ஆட்டிவைப்பது வெப்பம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே, என்ஜின் அணைத்து நிற்கும் விமானத்தில், கோடை வெயிலில் பெட்டிக்குள் இருக்கும் சில்லுகள் கொதிக்கும். ராஸ்பெரி பை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், செய்திகள் தவறும். அதனால்தான் அந்த மின்விசிறி. அடுத்தது மின்சாரம். மெல்லிய யு.எஸ்.பி கம்பியில் மின்னழுத்தம் சரிந்து, பெட்டி நடுவானில் தானாக அணைந்து எழும். கைப்பேசியோடு வந்த பழைய கம்பியைப் போடாதீர்கள் என்பது இந்த வட்டாரத்தில் எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை.

தரையில் வைத்துச் சோதித்து "வானிலையே வரவில்லை" என்று பிரித்து மேய்பவர்களும் உண்டு. 978 அலை நேர்க்கோட்டில்தான் போகும். ஓடுபாதையில் நின்றால் அருகிலுள்ள நிலையம்கூட மரத்துக்கும் மலைக்கும் பின்னால் மறைந்திருக்கலாம். 3,000 அடிக்கு ஏறினால் அடிவானம் ஏறக்குறைய 67 கடல்மைல் தள்ளிப்போகும். மளமளவென்று நிலையங்கள் வந்து விழும். பெட்டியில் பழுதே இருந்திருக்காது.

சட்டப் பக்கம் எளிது, ஏனென்றால் பெட்டி கேட்கிறது, பேசுவதில்லை. கையில் எடுத்துப்போகும் பொருள் என்பதால் சான்றிதழ் வேண்டாம். ஒலிபரப்பியை இப்படி வீட்டில் கட்டிப் பறக்கவிட முடியாது, அது எஃப்.ஏ.ஏ தரநிலைக்கு ஏற்ப இருந்தாக வேண்டும். அது நியாயம்தான். தவறாகக் கேட்டால் பாதிப்பு ஒருவருக்கு, தவறாகப் பேசினால் சுற்றியிருக்கும் எல்லாருக்கும். பெட்டிக்குள் ஒரு சாய்வுணரியைச் சேர்த்தால், விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானமும் ஐபேடில் வரும். மேகத்துக்குள் அதை நம்பிப் பறக்கலாம் என்று யாராவது நினைத்தால், சில டாலர் உணரியின் மேல் உயிரை வைக்கிறார் என்று அர்த்தம்.

அமெரிக்காவுக்கு வெளியே

சந்தை இதைக் கவனிக்காமல் இல்லை. சில ஆண்டுகளிலேயே ஃபோர்ஃப்ளைட் தன் பெயரில் 'ஸ்கவுட்' என்ற ரிசீவரை 199 டாலருக்கு விற்றது. அந்த விலையில் கிடைக்கும்போது முப்பரிமாண பிரிண்டரில் பெட்டி அச்சடித்து, மின்விசிறி திருகி உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் வாங்கிவிட்டுப் போனார்கள். கட்டுவதையே ருசிப்பவர்கள் தொடர்ந்து கட்டுகிறார்கள்.

ஐரோப்பாவில் 978 சேவை கிடையாது. அங்கே கிளைடர்களும் சிறு விமானங்களும் மோதலைத் தவிர்க்க ஃபிளார்ம் என்ற கருவியை வைத்திருக்கின்றன. 2004-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது, 868 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதனால் ஸ்ட்ராடக்ஸுக்கு ஐரோப்பியப் பதிப்பு ஒன்று தனியாக வளர்ந்தது. 978-க்கான டாங்கிள் இருந்த இடத்தில் அங்கே 868 வந்து உட்கார்ந்தது.

இந்தியாவில் இதே பெட்டியைக் கட்டினால் பாதிதான் உயிர்பெறும். இங்கே ஏ.டி.எஸ்-பி 1090-ல்தான், இந்திய விமான நிலைய ஆணையத்தின் தரைநிலையங்கள் கேட்பதும் அதையே. சென்னையில் மொட்டை மாடியில் வைத்தால்கூட மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்கள் வரிசையாகத் தெரியும். ஆனால் வானிலையைக் காற்றில் இறைக்கும் 978 நிலையங்கள் இல்லை, பழைய டிரான்ஸ்பாண்டர் விமானங்களை மறுஒலிபரப்பு செய்து காட்டுவாரும் இல்லை. இரண்டாவது டாங்கிளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.